வெறும் வயிறு சொன்ன சாட்சி

ஒரு சிறுநீரகம் என்ன விலை என்று கேட்டால் நாணயமான எந்த வியாபாரியும் வாயைத் திறக்க மாட்டான். அந்த மருத்துவமனை மட்டும் கூசாமல் விலை சொல்லியிருந்தது: ஓர் இரவுப் பட்டினி. ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பிட்டு முடித்து, காலையில் வெறும் வயிற்றோடு வந்து ஒரு குப்பி ரத்தம் கொடுக்க வேண்டும். அது தெளிவாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

இவ்வளவு மலிவாக எந்தச் சந்தையிலும் எதுவும் விற்றதில்லை. ஆனால் பேரம் பேசியே தலை நரைத்த மனிதர் ஒருவர் இந்த விலையைக் கொடுக்க முடியாமல் மூன்று முறை திரும்பி வந்திருந்தார்.

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் பீப்பாய். எண்ணெய் மொத்த வியாபாரம். உருவத்துக்கும் தொழிலுக்கும் சேர்த்துச் சிக்கனமாக ஒரே பெயராக வைத்துவிட்டார்கள். அவருடைய ஒரே தங்கை நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எடுப்பவள். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் போன வருஷம் கடையைச் சாத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் இயந்திரம்தான் அவள் ரத்தத்தைக் கழுவிக் கொடுக்கிறது. "என்னோடதை எடுத்துக்கோ" என்று அண்ணன்தான் முந்திக்கொண்டு சொன்னார். ரத்த வகை பொருந்தியது. வயது இடிக்கவில்லை. சர்க்கரை இல்லை. கொழுப்பில் வந்துதான் வண்டி நின்றுபோனது.

கொடுக்க வேறு ஆள் கிடையாது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு மருத்துவக் குழு கூடுகிறது. அங்கே இவர் தள்ளுபடியானால் அவள் காத்திருப்போர் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் முன்பக்கம் வந்து சேர்ந்ததில்லை.

அதனால்தான் அன்றைக்கு மூன்று பேரும் உணவு ஆலோசகரின் சின்ன அறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்: பீப்பாய், அவர் மனைவி, தங்கை.

ஆலோசகர் இளம்பெண். எதையும் தலையைச் சாய்த்தே பார்க்கிறவர். முந்தாநாள் எடுத்த குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் சிவப்பு. அதற்கு மேல் இளமஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீர், அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. உச்சியில், குளிர்பெட்டியில் ஓர் இரவு இருந்ததில், வெள்ளையாக ஏடு கட்டியிருந்தது.

"சார், முந்தின நாள் ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"அவிச்ச காய். அவிச்ச பருப்பு. அப்புறம் இன்னொண்ணு, அதுவும் அவிச்சதுதான். மூணும் ஒரே ருசி, பேர் நினைவில்லைங்க."

"வாணலியைக் கழுவிப் பரண்ல போட்டு ஒரு மாசமாச்சு" என்றாள் மனைவி. "சமையலறைக்குப் பூட்டு. சாவி என் தலையணைக்கு அடியில. இதுக்கு மேல நான் என்ன பண்ணணும், வாயைத் தைக்கணுமா?"

"நீங்களும் அதேதான் சாப்பிடறீங்களா அக்கா?"

"வேற வழி? ஒரு வீட்டுல ரெண்டு உலையா வைக்க முடியும்?"

"உங்களுக்கு எலும்பு வலிக்கு வைட்டமின் டி கொடுத்திருந்தாங்களே?"

"வெறும் வயித்துல, பால் விடாத கட்டன் டீயோட போட்டுக்கறேன். வலி அப்படியேதான் இருக்கு. மாத்திரை போலின்னு நினைச்சேன்."

"மாத்திரை நல்ல மாத்திரைதான். அது கொழுப்புல கரையற சரக்கு. சாப்பாட்டுல கொஞ்சமாவது எண்ணெய் இருந்தாத்தான் உடம்பு அதை நல்லாப் பிடிச்சுக்கும். கட்டன் டீயோட போட்டா பாதி வீணாப் போகும்."

"எண்ணெய்க் கடைக்காரர் பொண்டாட்டிக்கு எண்ணெய் போதலைன்னு வெளியே சொன்னா, யாராவது நம்புவாங்களா?" என்று அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பீப்பாய் மேற்கூரையைப் பார்த்தார்.

தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் குப்பியின் உச்சியில் இருந்த ஏட்டிலேயே நின்றிருந்தது. "இது எப்படி வருது?"

"நாம சாப்பிடற கொழுப்பைக் குடல் சின்னச் சின்ன மூட்டையாக் கட்டி ரத்தத்துல இறக்கிவிடும். அதான் இந்த வெள்ளை. சாப்பிட்டு மூணு நாலு மணி நேரத்துல உச்சத்துக்குப் போகும். அப்புறம் தசையும் மத்ததும் மூட்டையைப் பிரிச்சு எடுத்துக்கும். விடியறதுக்குள்ள ரத்தம் தெளிஞ்சிடணும்."

"எங்க கோடவுன் மாதிரிதான்" என்றார் பீப்பாய், தொழில் பேச்சு வந்த உற்சாகத்தில். "லாரி இறக்கினா ஆள் எடுத்து அடுக்கணும். அடுக்கலைன்னா வாசல்ல கிடக்கும்."

"ரொம்பச் சரி சார். உங்க வாசல்ல காலை ஒன்பது மணிக்கு மூட்டை மலையாக் கிடக்கு. நூத்தம்பதுக்குள்ள இருக்க வேண்டிய கொழுப்பு முந்நூத்தி எண்பது. எனக்கு இது பெரிய புதிரா இருந்தது." நிஜமாகவே ஆசையோடு சொன்னார், குறுக்கெழுத்தில் கடைசிக் கட்டத்தில் நிற்பவர் போல. "கல்லீரலும் சொந்தமாக் கொழுப்பு மூட்டை தயாரிச்சு அனுப்பும். அது அதிகமானா உடம்போட கோளாறு. ஆனா அது இப்படி மேல வந்து ஏடு கட்டாது. சந்தேகம் தீரணும்னு இன்னொரு பரிசோதனையும் போட்டேன். வைட்டமின் ஏ."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சாப்பாட்டுல வர்ற வைட்டமின் ஏ, குடல் கட்டற மூட்டைக்குள்ளேயே ஏறி உக்காந்து வரும். கல்லீரல் அனுப்பற மூட்டையில அது பேருக்குத்தான் இருக்கும். மூட்டை மேல ஒட்டின சீட்டு மாதிரி. எங்கேருந்து கிளம்பினதுன்னு காட்டிக் கொடுத்துடும்." ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "சாருக்கு எக்கச்சக்கமா இருக்கு."

"அப்படின்னா?" என்றாள் தங்கை.

"ரத்தம் கொடுக்கறதுக்குக் கொஞ்ச மணி நேரம் முன்னாடி, நல்லாக் கொழுப்பா ஏதோ சாப்பிட்டிருக்கார்."

"சத்தியமா இல்லைங்க!"

நீதிமன்றத்தில் 'சத்தியமா' என்ற சொல்லைத் தங்கை ஒரே ஒரு கோட்டால் எழுதிவிடுவாள். அவ்வளவு அடிக்கடி வரும் சொல் அது. அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் அவளுக்குப் பழக்கம்தான்.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"உனக்குக் கொடுக்க மனசில்ல, அண்ணே."

"ஏய், என்ன பேசறே..."

"அதைச் சொல்லத் தைரியம் இல்ல. அதான் விடியக்காலையில எங்கேயோ போய்த் தின்னுட்டு வந்து, டாக்டர் வாயால வேண்டாம்னு சொல்ல வைக்கிறே." மூச்சு வாங்கினாள். "அப்பா படுக்கையில கிடந்தப்பவும் நீ இப்படித்தான் நழுவினே."

விலை கேட்டால் உடனே பதில் விலை சொல்லிப் பழகிய பீப்பாய், "கடையில சரக்கு நிக்குது" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அண்ணியும் நாத்தனாரும் நாற்காலி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"என்னைச் சமாதானம் பண்ணாதீங்க அண்ணி."

"எனக்கு வேற வேலையில்லையா? நான் யோசிச்சுட்டு இருக்கேன். உங்கண்ணனுக்குத் திருட்டுத்தனம் சரிப்படாது. எனக்குத் தெரியாம ஒரு புடவை வாங்கி ஒளிச்சு வச்சா, வாசல்லேருந்தே முகம் பில்லைக் காட்டிடும். அந்த ஆள் மூணு தடவை திருட்டுத்தீனி தின்னுட்டு இப்படிச் சத்தியம் பண்ண முடியாது."

"வைட்டமின் பொய் சொல்லுமா?"

"சொல்லாது. அவரும் சொல்லல. அதான் ஒத்துப்போகலை." அவள் விரலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு கேளு. ஒரு மாசமா அவிச்சதைத் தின்னுறார், ஒரு நாள்கூட முகத்தைச் சுளிக்கல. ஏன்? காலையில அஞ்சு மணிக்குக் கடைக்குப் போறார், அங்கேருந்து நேரா ஆஸ்பத்திரி. நடுவுல என்ன நடக்குதுன்னு நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. வா, ஆட்டோ பிடி."

கடைத்தெருவின் கோடியில் இருந்தது கடை. தரையெல்லாம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. வழுக்காமலிருக்க மரத்தூள் தூவியிருந்தார்கள். ஆளுயர டிரம்கள், கைப்பம்பு, புனல், தராசு. அன்றைய இரண்டாவது சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பீப்பாய் வராந்தாவில் நடந்ததை மறந்தவராகத் தெரியவில்லை. முகம் வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் கை தன் வேலையைச் செய்தது.

சரக்குக்காரர் ஒரு டிரம்மின் மூடியைத் திறந்தார். பெரிய மீசை வைத்தவர், தெருவில் அவருக்குப் பெயரும் அதுதான். பீப்பாய் ஒரு சின்னக் கரண்டியை விட்டு எண்ணெய் மொண்டார். முகர்ந்தார். வாயில் விட்டார். கன்னம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உப்பியது. கண்ணை மூடினார். விழுங்கினார்.

"விதை நல்லாக் காய்ஞ்சிருக்கு. போன தடவை ஈரம்."

அடுத்த டிரம். அடுத்த கரண்டி.

தங்கை வாசலிலேயே நின்றுவிட்டாள். "அண்ணே! என்ன பண்றே?"

"பார்த்தாத் தெரியல? சரக்குப் பார்க்கறேன்."

"முழுங்கினே."

"பின்னே?"

"ரத்தம் கொடுத்த அன்னைக்கும் இப்படித்தான் பார்த்தியா?"

"என்னைக்குப் பார்க்காம இருந்தேன்? அஞ்சு மணிக்குச் சரக்கு வந்துடும். பார்த்து முடிச்சுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்."

"அதைத்தானே அந்தப் பொண்ணு தலையால அடிச்சுக்கிட்டுக் கேட்டா, ஏதாவது சாப்பிட்டீங்களான்னு!"

"இது எப்படிச் சாப்பாடாகும்?" பீப்பாய்க்கு நிஜமாகவே விளங்கவில்லை. "தட்டு வச்சாங்களா? உக்காந்தேனா? இது வியாபாரம்மா!"

அண்ணி மரத்தூளில் உட்காராத குறை. சிரிப்பு அடங்க ஒரு டிரம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "நான் சமையலறையைப் பூட்டினேன் பாரு! எண்ணெய்க் கடலையே திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார் மனுஷன்!"

தங்கை போனை எடுத்து ஆலோசகரைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் பேனா தேடும் சத்தம் கேட்டது.

"சார், எத்தனை கரண்டி?"

"பத்து இருக்கும். சில நாள் கூடும்."

"சின்னக் கரண்டியா? அப்படின்னாலும் நாப்பத்தஞ்சு அம்பது கிராம். சார், ரத்தத்துல கொழுப்பு எப்படி ஏறி இறங்குதுன்னு ஆராய்ச்சி பண்ணும்போது, ஆளுங்களுக்குக் கொடுத்துப் பார்க்கற அளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நீங்க அதை அஞ்சு மணிக்குப் பண்ணிட்டு, சரியா உச்சத்துல இருக்கறப்ப வந்து எங்ககிட்ட ரத்தம் கொடுத்திருக்கீங்க!"

"நல்ல எண்ணெய்தாங்க எல்லாம். சூரியகாந்தி, கடலை, சோயா..."

"நல்லதோ கெட்டதோ, முதல் சில மணி நேரம் எல்லா எண்ணெயும் ரத்தத்துல மிதந்துதான் ஆகணும். அது இருக்கட்டும், அந்த வைட்டமின் ஏ எங்கேருந்து வந்தது? இதுல எதுலயும் அது அவ்வளவு கிடையாதே?"

"கடைசியா மீன் ஈரல் எண்ணெய் பார்ப்பேன். மாத்திரைக் கம்பெனிக்குப் போறது."

"ஆ!" என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் தராசுத் தட்டே ஆடியிருக்கும். "அதைத் தினமும் முழுங்காதீங்க சார். சில வைட்டமின் கூடினா சிறுநீரோட போயிடும். இது போகாது, கல்லீரல்ல போய்த் தங்கிடும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் ஒரு கரண்டிகூட உள்ள போகக் கூடாது. ருசி பார்த்தே ஆகணும்னா துப்பிட்டு வாயைக் கொப்பளிச்சிடுங்க. அவ்வளவுதான், சுலபம்."

போன் அணைந்தது. கடையில் யாருக்கும் அது சுலபமாகப் படவில்லை.

அந்தத் தெருவில் துப்புவது என்றால் ஒன்றே ஒன்றுதான்: சரக்கு கலப்படம். வாயால் சொல்ல வேண்டியதில்லை. வாங்குகிறவன் துப்பினால் விற்கிறவன் மூடியை மூடிக்கொண்டு போய்விட வேண்டும். அதற்கப்புறம் அந்த டிரம்மை அங்கே ஒருவரும் தொட மாட்டார்கள். விழுங்குவதுதான் கையெழுத்து. பீப்பாய் விழுங்கிய சரக்கென்றால் சில்லறைக் கடைக்காரர்கள் மோந்துகூடப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

மீசை மூடியை மெதுவாக அழுத்தினார். "நாளைக்குக் காலையில என் வருஷச் சரக்கு வருது. தெரியும்ல?"

"தெரியும். விஷயத்தைக் கேட்டீங்கல்ல? காரணத்தைச் சொல்லிட்டுத் துப்பறேன்."

"காரணம் உனக்கும் எனக்கும் தெரியும். தெருவுக்கு உன் வாய்தான் தெரியும்."

"ஒரு நாள் தள்ளி இறக்கக் கூடாதா?"

"வாங்க வர்றவங்க நாளைக்கு வர்றாங்க. நாளன்னைக்கு வந்து அவங்க என்ன, என் மீசையை வாங்குவாங்களா?"

அண்ணி முன்னால் வந்தாள். "நான் முழுங்கறேன். எனக்குத்தான் எண்ணெய் போதலைன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க."

"உன் நாக்கு வீட்டோட சரிம்மா. இங்கே செல்லாது" என்றார் மீசை.

"வீட்டுல செல்லுதுன்னு யார் சொன்னா உங்களுக்கு?" என்றாள். சிரிப்பு எழவில்லை.

விடியும்போது தெருவில் முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். தங்கையும் வந்திருந்தாள். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வரவேண்டாம் என்று அண்ணன் சொல்லவும் இல்லை. முந்தின நாள் கடையில் பிரிந்ததிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மீசை முதல் டிரம்மைத் திறந்தார். பீப்பாய் கரண்டியை விட்டார். முகர்ந்தார். வாயில் விட்டார். கன்னம் உப்பியது. எப்போதும் மூடும் கண்ணை இன்றைக்கு மூடவில்லை. மரத்தூள் வாளியை இழுத்து, குனிந்து, துப்பினார்.

ஒருவன் பிடித்திருந்த சைக்கிள் நழுவி விழுந்தது. எடுத்து நிறுத்த அவனுக்குத் தோன்றவில்லை.

"முதல் தரம்!" என்று பீப்பாய் சத்தம் போட்டுச் சொன்னார். "கேட்டுக்கோங்க. சரக்குல குறையில்ல. என் தங்கச்சிக்குக் கிட்னி கொடுக்கறேன். ரத்தம் பார்க்கணும், அதான் துப்பறேன். எண்ணெய் முதல் தரம்!"

சிலர் தலையாட்டினார்கள். நல்ல மனிதர்கள், நம்பினார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் நம்புவது வேறு, டிரம்மை ஏற்றுவது வேறு. ஒருவர் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். இன்னொருவருக்கு வண்டி கிடைக்கவில்லை. பீப்பாய் அடுத்த டிரம்முக்குப் போனார், துப்பினார், "முதல் தரம்" என்றார். ஒவ்வொரு 'முதல் தரத்'துக்கும் கூட்டம் கொஞ்சம் கரைந்தது. நாலாவது டிரம்மின் மூடியை மீசை திறக்கவேயில்லை. லாரிக்காரனுக்குக் கை காட்டினார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. போகும்போது பீப்பாயின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் போனார். போய்விட்டார் என்பதுதான் விஷயம்.

பீப்பாய் குழாயடியில் மூன்று முறை வாய் கொப்பளித்தார். "நேரமாச்சு" என்றார் தங்கையிடம்.

எட்டு மணிக்கு எடுத்த ரத்தம் ஒன்பதரைக்குக் குப்பியில் வந்தது. ஆலோசகர் அதை ஜன்னலில் பிடித்தபோது மறுபக்கம் தெருவே தெரிந்தது. இளமஞ்சள். தூசு இல்லை.

"நூத்தி இருபத்தெட்டு!" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் அடக்கிக்கொண்டார். "இது ஒரு நாளைக் கணக்குதான் சார். சாப்பாட்டுக்கு அப்புறம் உங்க ரத்தம் எவ்வளவு நேரத்துல தெளியுதுன்னு பார்க்கணும்னு குழு கேட்கலாம். இத்தனை வருஷக் கரண்டியில கல்லீரல் எப்படி இருக்குன்னும் கேட்கலாம். அவங்க என்ன சொல்வாங்கன்னு நான் சொல்ல முடியாது. புதிர் தீர்ந்துடுச்சுன்னு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கேன்."

பதினொரு மணிக்குக் குழுவின் கதவு சாத்தப்பட்டது. வெளியே நீண்ட பெஞ்சில் அண்ணன், தங்கை. அண்ணி வைட்டமின் மாத்திரையை உருப்படியான சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளப் போவதாக அறிவித்துவிட்டுக் கான்டீனுக்குப் போயிருந்தாள். இரண்டு பேரையும் தனியாக விடுவதற்குத்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"மீசை திரும்பி வருவாரா?"

"தெரியாது."

"கடை?"

"நடக்கும். மெதுவா நடக்கும்."

தங்கை புடவைத் தலைப்பை முறுக்கினாள். சாட்சிக் கூண்டில் ஏறியவர்கள் எதையாவது முறுக்குவதை எத்தனையோ நாள் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறாள்.

"அண்ணே, நேத்து நான் சொன்னது..."

"எது?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

பீப்பாய் சாத்தியிருந்த கதவைப் பார்த்தபடியே பேசினார். குரலில் பேரம் இல்லை. "நாலு சொன்னே. மனசில்லன்னே. தைரியமில்லன்னே. திருட்டுத்தீனின்னே. அந்த மூணும் தள்ளுபடி. அங்கேயே, படியிறங்கறப்பவே தள்ளிட்டேன்."

"நாலாவது? அப்பா படுக்கையில கிடந்தப்ப நழுவினேன்னு சொன்னது?"

அவர் தலை குனிந்தது. கதவு இன்னும் திறக்கவில்லை. நாலு பேச்சில் மூன்று தீர்ந்தது, ஒன்று பாக்கி.